டக்கீஸ் வரைந்த கட்டடக்கலைஞர்: டிங்கர் ஹாட்ஃபீல்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு ஷூ தொழிற்சாலையின் பேட்டர்ன் ரூமில், அதாவது தோல் வெட்டுவதற்கான மாதிரி வரையும் இடத்தில், நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். டக்கீஸ் என்று இங்கே நாங்கள் சொல்வது விளையாட்டு ஷூவைத்தான். இப்போது சாட்ஸ்வர்த்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கும் குழுவில் கூடமாட உதவுகிறேன். பிள்ளைகள் பாஸ்கெட்பால் ஆட்டக்காரர் மைக்கேல் ஜோர்டானையும் அவர் பெயரில் வரும் ஏர் ஜோர்டான் ஷூக்களையும் பற்றிக் கேட்பார்கள், பெற்றோர் விலையைப் பற்றிக் கேட்பார்கள், கோயில் கமிட்டிக்காரர்கள்கூட ஒருமுறை பிடித்துக்கொண்டார்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப அதேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் போட்டிருக்கிறேன். பின்னால் வருகிற பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே பேசும், அதனால் வரிசையாகப் படித்தால் நல்லது.

யார் அங்கிள் இந்த டிங்கர் ஹாட்ஃபீல்ட்? பாஸ்கெட்பால் ஆடினவரா?

இல்லை. நைக்கி கம்பெனியின் ஷூ வடிவமைப்பாளர். 1952இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஹில்ஸ்போரோ என்ற ஊரில் பிறந்தார். டிங்கர் என்பது பட்டப்பெயர் இல்லை, அவருடைய அப்பாவுக்கும் அதே பெயர்தான். அப்பா விளையாட்டுப் பயிற்சியாளர்.

ஏர் மேக்ஸ் 1, ஏர் ட்ரெயினர் 1, ஏர் ஹுவராச்சி, ஏர் ஜோர்டான் 3 முதல் 15 வரை எல்லாம் அவர் கையில் உருவானவை. நம் பிள்ளைகள் காலில் போட்டுக்கொண்டு திரிவதில் பாதிக்கு மேல் இவற்றின் வாரிசுகள்தான்.

அவர் கோலூன்றித் தாண்டினவர்னு சொல்றாங்க, அப்புறம் ஷூ பக்கம் எப்படி வந்தார்?

ஓரிகன் பல்கலைக்கழகத்தில் கோலூன்றித் தாண்டுதலில் இருந்தார். பயிற்சியாளர் பில் பவர்மன், அதாவது ஃபில் நைட்டோடு சேர்ந்து நைக்கியை ஆரம்பித்தவர். தாண்டும்போது ஒருமுறை விழுந்து ஹாட்ஃபீல்டின் கணுக்கால் மோசமாக உடைந்தது, அறுவை சிகிச்சைகள் நடந்தன. பவர்மன் பையனைக் கைவிடவில்லை. காயம்பட்ட காலுக்கு ஏற்ற மாதிரி ஸ்பைக் ஷூவைத் தன் கையாலேயே செய்து கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு ஹாட்ஃபீல்ட் மறுபடி தாண்டினார், 1976 ஒலிம்பிக் தேர்வுப் போட்டி வரைக்கும் போனார்.

ஒரு ஷூ தன் உடம்பின் குறையை எப்படி ஈடுகட்டுகிறது என்பதை அவர் பாடமாகப் படிக்கவில்லை, காலில் அனுபவித்தார். அவர் பின்னால் செய்தவற்றில் பாதி இங்கேயே தொடங்கிவிட்டது என்பேன். படித்ததோ கட்டடக்கலை. 1981இல் நைக்கியில் சேர்ந்ததும் கட்டடக்கலைஞராகத்தான்: அலுவலகம், ஷோரூம் வரைகிற வேலை. 1980களின் நடுவில் ரீபாக் முந்திக்கொண்டு போக, நைக்கி தடுமாறியது. புது ஆள் தேடி உள்ளேயே ஒரு வரைபடப் போட்டி வைத்தார்கள், 24 மணி நேரக் கெடு. அதில் தேறி 1985இல் ஷூ பக்கம் வந்தார்.

வீடு கட்டறவருக்கு ஷூ எப்படிப் புரியும்? இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

பாரிஸில் பொம்பிதூ மையம் என்று ஒரு கலைக்கூடம் இருக்கிறது. ரென்சோ பியானோவும் ரிச்சர்ட் ரோஜர்ஸும் வடிவமைத்து 1977இல் திறந்தது. மற்ற கட்டடங்களில் சுவருக்குள் ஒளித்து வைக்கிற தண்ணீர்க்குழாய், காற்றுக்குழாய், நகரும் படிக்கட்டு எல்லாவற்றையும் அங்கே வெளியே எடுத்துப் போட்டு, நீலம், பச்சை, சிவப்பு என்று வர்ணமும் அடித்திருப்பார்கள். பாரிஸ்காரர்கள் பலருக்கு அது பிடிக்கவே இல்லை. ஹாட்ஃபீல்ட் அதைப் பார்த்துவிட்டு வந்துதான் ஏர் மேக்ஸ் 1 வரைந்தார். நைக்கி ஷூவின் குதிகாலுக்குள் காற்றுப்பை ஏற்கெனவே இருந்தது, ஆனால் ஃபோமுக்குள் புதைந்து கிடந்தது. வாங்குபவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சோலின் பக்கவாட்டை வெட்டித் திறந்து அதை வெளியே காட்டினால் என்ன என்று கேட்டார்.

கம்பெனிக்குள்ளேயே எதிர்ப்பு. சோலில் ஓட்டை இருக்கிறதென்று சனங்கள் நினைப்பார்கள், கல் குத்தினால் காற்று போய்விடும் என்றெல்லாம் பேச்சு. அதில் நியாயமும் இருந்தது. முதலில் வைத்த பெரிய ஜன்னல் குளிரில் விரிசல் விட்டது, அப்புறம் சின்னதாக்கினார்கள். 1987இல் கடைக்கு வந்தது. ஜன்னலைச் சுற்றி ஓடும் அந்தச் சிவப்பு விளிம்பைக் கவனித்துப் பாருங்கள். கண் நேராக ஓட்டைக்குப் போகவேண்டும் என்றுதான் அந்த நிறம்.

அந்த ஜன்னலுக்குள்ள இருக்கறது நிஜமாவே காத்துதானா?

அழுத்தத்தில் அடைத்த வாயு. பலமான யூரித்தேன் பைக்குள் இருக்கும். இந்த யோசனை ஹாட்ஃபீல்டுடையது அல்ல, விண்வெளித் துறையில் வேலை பார்த்த ஃப்ராங்க் ரூடி என்ற பொறியாளருடையது. 1978இல் டெயில்விண்ட் என்ற ஓட்ட ஷூவில் முதலில் வந்தது. ஹாட்ஃபீல்ட் காட்டிக் கொடுத்தார், அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" பெரிய விஷயம். அதற்குப் பிறகு ஒவ்வொரு கம்பெனியும் தன் தொழில்நுட்பத்தைக் கண்ணில் படும்படி வைக்க ஆரம்பித்தது. ரீபாக் 1989இல் நாக்குப் பகுதியில் பம்ப் வைத்தது நினைவிருக்கும்.

முதல் ஏர் ஜோர்டான் இவர் செய்ததுதானே?

இல்லை. 1985இல் வந்த முதல் ஜோர்டான் பீட்டர் மூர் வரைந்தது. குதிக்கிற மனிதன் சின்னமும் மூருடையதுதான், ஆனால் ஷூவில் அது முதலில் வந்தது ஹாட்ஃபீல்டின் மூன்றாம் ஜோர்டானில்.

அப்ப ஜோர்டானுக்கு இவர் அப்படி என்ன பெரிசா செய்துட்டார்?

போய்விடவிருந்த ஆளை நிறுத்தினார். 1987 வாக்கில் மைக்கேல் ஜோர்டானுக்கு நைக்கி மேல் மனசு விட்டுப்போயிருந்தது. மூரும், ஜோர்டானைக் கொண்டுவந்த ராப் ஸ்ட்ராஸரும் கம்பெனியை விட்டுப் போய்விட்டார்கள். ஜோர்டானும் கிளம்பிவிடுவார் என்று பயம். இந்த நேரத்தில்தான் மூன்றாவது ஷூவை ஹாட்ஃபீல்டிடம் கொடுத்தார்கள், அதுவும் குறைந்த கெடுவில்.

அவர் முதலில் பென்சிலை எடுக்கவில்லை. ஜோர்டானிடம் போய் உனக்கு என்ன தொந்தரவு என்று கேட்டார். அதுவரை யாரும் அப்படி உட்கார்ந்து கேட்டதில்லையாம். கணுக்காலை முழுக்க மூடும் உயரமும் வேண்டாம், தாழ்வாகவும் வேண்டாம், நடுவில் இருக்கட்டும் என்றார் ஜோர்டான். அடிக்கடி புது ஜோடி மாற்றுகிறவர், அதனால் போட்டுப் பழக்க நேரமில்லை, முதல் நாளே மெத்தென்று இருக்கவேண்டும் என்றார். தோல் வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும்: விறைப்பான தோல் வெட்டவும் தைக்கவும் சுலபம், கடையில் பார்க்கவும் நிமிர்ந்து நிற்கும், ஆனால் முதல் வாரம் காலைக் கடிக்கும். ஹாட்ஃபீல்ட் உருட்டிப் பதப்படுத்திய மென்மையான தோலைப் போட்டார். பக்கவாட்டில் இருந்த பெரிய நைக்கி வளைகோட்டுச் சின்னத்தை எடுத்துவிட்டு ஜோர்டானின் சின்னத்தை நாக்கில் வைத்தார். தன் கம்பெனியின் அடையாளத்தை ஓரம்கட்டி ஆட்டக்காரனை முன்னால் நிறுத்த ஒரு துணிச்சல் வேண்டும்.

ஜோர்டான் தங்கிவிட்டார். 1988 பிப்ரவரியில் சிகாகோவில், ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து எழும்பி அவர் பந்தைப் போட்ட அந்தப் புகைப்படம் தெரியுமல்லவா, காலில் இருந்தது இந்த மூன்றுதான்.

அதுல இருக்கற யானைத்தோல் டிசைன் நம்ம குரூகர் பார்க் யானையா?

மூன்றாம் ஜோர்டானின் முன்னும் பின்னும் சாம்பல் நிறத்தில் வெடிப்பு வெடிப்பாக இருப்பது யானைத்தோல் சுருக்கத்தைப் போன்ற அச்சு. நிஜத் தோல் இல்லை, எந்தப் பார்க் யானையும் இல்லை.

நம் நாட்டுச் சம்பந்தம் வேண்டுமென்றால் 1987இன் ஏர் சஃபாரியைப் பாருங்கள். நியூயார்க்கில் விலையுயர்ந்த நெருப்புக்கோழித் தோல் சோபா ஒன்றைப் பார்த்து, அதன் புள்ளிகளைத்தான் அதில் அச்சாக்கினார். நெருப்புக்கோழி வளர்ப்புக்கு உலகப் பெயர் வாங்கிய ஊர் நம் கரூவில் இருக்கும் ஔட்ஸ்ஹூர்ன். அந்தத் தோலில் இறகு பிடுங்கிய இடமெல்லாம் சின்னக் கொப்புளமாக நிற்கும். பேட்டர்ன் போடும்போது கொப்புளம் அடர்ந்த பகுதி மேலே தெரியும்படி வெட்டவேண்டும், ஓரம் வீணாகிவிடும், விலை எகிறும். அச்சடித்தால் அந்தக் கவலை இல்லை.

பார்சிலோனா ஒலிம்பிக்ஸ்ல ஜோர்டான் போட்டிருந்தது எது?

ஏர் ஜோர்டான் 7. மேற்கு ஆப்பிரிக்கக் கலையின் நிறங்களும் கோணங்களும் அதில் உண்டு. நிறவெறி ஆட்சியால் தள்ளிவைக்கப்பட்டிருந்த தென்னாப்பிரிக்கா, 1960க்குப் பிறகு மறுபடி ஒலிம்பிக்கில் காலடி வைத்ததும் அதே 1992இல்தான். நம் வீடுகளில் ராத்திரி முழுக்க டீவி ஓடியது. இங்கே பலருக்கு ஜோர்டான் அறிமுகமானதே அந்த ஷூவோடுதான்.

மற்ற ஜோர்டானெல்லாம் எதைப் பார்த்து வரைஞ்சார்?

ஐந்துக்குப் போர் விமானம், மஸ்டாங் என்பார்கள், பக்கத்தில் சுறாப்பல் மாதிரி இருப்பது அதனால். பதின்மூன்றுக்குக் கருஞ்சிறுத்தை, பதினான்குக்கு ஃபெராரி கார். பதினொன்றுதான் என் கணக்கில் உச்சம்: பளபளக்கும் பேட்டன்ட் தோலைச் சுற்றிலும் போட்டு, அடியில் கார்பன் ஃபைபர் தகடு வைத்தார். பேட்டன்ட் தோல் அழகுக்கு மட்டுமில்லை, அது இழுபடாது, திரும்பும்போது கால் வெளியே வழுக்காமல் பிடிக்கும். பதினைந்து எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரே ஜோடியில ஓடவும் ஜிம்முக்குப் போகவும் முடியுமா? ரெண்டு வாங்கக் கட்டுபடியாகல.

இதே கேள்விக்குப் பதிலாகத்தான் 1987இல் ஏர் ட்ரெயினர் 1 வந்தது. ஜிம்மில் ஆட்கள் ஓட ஒரு ஜோடி, பந்தாட ஒரு ஜோடி என்று மூட்டை கட்டி வருவதை ஹாட்ஃபீல்ட் பார்த்தார். ஓட்ட ஷூவின் குதிகால் உயரத்தைக் குறைத்து, முன்பாதத்தைப் பிடிக்க ஒரு பட்டை வைத்து, எல்லாவற்றுக்கும் ஒன்று செய்தார். சோதனைக்குக் கொடுத்த ஜோடியை ஜான் மெக்கன்ரோ விற்பனைக்கு வரும் முன்பே டென்னிஸ் போட்டியில் போட்டு ஆடிவிட்டார்.

உங்கள் கேள்விக்கு: பிள்ளை வாரத்தில் கொஞ்ச தூரம்தான் ஓடுகிறான் என்றால் ட்ரெயினர் ஒன்று போதும். நெடுந்தூரம் ஓட ஆரம்பித்தால் ஓட்ட ஷூ வாங்கியே ஆகவேண்டும். பள்ளிக்குப் போடும் கறுப்பு ஷூவோடு மட்டும் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள், தயவுசெய்து.

இவர் வரைஞ்சது எல்லாமே ஓடிச்சா?

1991இன் ஹுவராச்சி பிறக்கும் முன்பே செத்திருக்கும். தண்ணீரில் சறுக்குபவர்களின் காலுறை மாதிரி, இழுத்தால் நீளும் நியோப்ரீன் என்ற ரப்பர் துணியால் செய்து, குதிகாலைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை மட்டும் விட்டிருந்தார். கடைக்காரர்கள் ஆர்டர் போடவில்லை, கைவிட முடிவானது. உள்ளே ஒருவர் துணிந்து சில ஆயிரம் ஜோடி செய்யச் சொல்லி, நியூயார்க் மராத்தான் நேரத்தில் விற்றுக் காட்டினார். அப்புறம் நடந்தது வேறு கதை.

தானா லேஸ் கட்டிக்கற ஷூ நிஜமா இருக்கா, சினிமாவுக்கு விட்ட ரீலா?

இரண்டும். 1989இல் ராபர்ட் ஜெமெக்கிஸ் இயக்கிய 'பேக் டு த ஃபியூச்சர்' என்ற காலப்பயணப் படத்தின் இரண்டாம் பாகத்துக்காக, 2015இல் ஷூ எப்படி இருக்கும் என்று ஹாட்ஃபீல்ட் வரைந்தது அது. படத்தில் இறுகியது படப்பிடிப்புத் தந்திரம். 2011இல் லேஸ் இறுகாத பிரதிகள் 1500 ஜோடி ஏலம் போயின, பணம் பார்க்கின்சன் நோய் ஆராய்ச்சிக்கு. 2016இல் மோட்டார் வைத்து நிஜமாகவே இறுகும் ஹைபர்அடாப்ட் வந்தது. விலையும் எடையும் அதிகம், நம் பயிற்சிக்கு ஆகாது. ஆனால் கை நடுங்குபவர்களுக்கும் குனிய முடியாதவர்களுக்கும் அது வேடிக்கைப் பொருள் இல்லை.

கம்ரேட்ஸ்ல ஓடறவங்க போடற கார்பன் ஷூவும் இவர் யோசனைதானே?

இல்லை. பதினொன்றாம் ஜோர்டானில் கார்பன் தகடு இருந்தது உண்மை. அது பாதத்தின் நடுப்பகுதி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க வைத்தது. இன்று டர்பனுக்கும் பீட்டர்மரிட்ஸ்பர்க்குக்கும் இடையில் சுமார் 90 கிலோமீட்டர் ஓடுபவர்கள் போடுவது 2017இல் வந்த வேப்பர்ஃப்ளை வழியில் வந்தவை. லேசான, நன்றாக எகிறும் தடித்த ஃபோமுக்குள் முழு நீளத் தகடு. அதைச் செய்தது வேறு குழு. சோல் தடிப்பு ரோட்டு ஓட்டப் போட்டியில் 40 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று உலகத் தடகள அமைப்பு வரம்பும் போட்டுவிட்டது.

கம்ரேட்ஸுக்குப் பயிற்சி எடுக்கும் அண்ணன்மாருக்கு ஒன்று: பழைய ஏர் மேக்ஸைப் போட்டுக்கொண்டு அந்த வழியில் வரும் ஃபீல்ட்ஸ் ஹில் சரிவில் இறங்காதீர்கள். அது 1987இன் ஓட்ட ஷூ. இன்றைக்கு நடக்கவும் படம் பிடிக்கவும்தான்.

நம்ம ஆளுங்க காவடிக்குத் தார் ரோட்ல வெறுங்காலோட நடக்கறாங்க, ஸோலா பட் வெறுங்காலோட ஓடினாங்க. இந்த ஷூவெல்லாம் தேவைதானா?

கோயில் கமிட்டி கேட்ட கேள்வி இது. டிங்கரின் தம்பி டோபி ஹாட்ஃபீல்டும் நைக்கி வடிவமைப்பாளர்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஓட்டக்காரர்கள் புல்வெளியில் வெறுங்காலோடு பயிற்சி எடுப்பதைப் பார்த்து, அவரும் குழுவும் ஃப்ரீ என்ற வளைந்து கொடுக்கும் ஷூவைச் செய்தார்கள். ஆக ஷூ செய்கிறவர்களே வெறுங்காலிடம் பாடம் கேட்டவர்கள்தான்.

ப்ளூம்ஃபொண்டெய்னில் வளர்ந்த ஸோலா பட் சிறுவயதிலிருந்தே வெறுங்காலோடு ஓடியவர், அந்தப் பாதம் அப்படிப் பழகியது. எப்போதும் ஷூ போடும் பிள்ளையைத் திடீரென்று வெறுங்காலோடு ரோட்டில் விட்டால் தசைநாரும் எலும்பும் தாங்காது. வேண்டுமானால் புல்லில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம். காவடி பக்தி சமாச்சாரம், அதில் நான் தலையிடவில்லை.

பெட்டியிலேயே பத்திரமா வெச்சிருந்தேன், போட்டு நாலு எட்டு நடந்ததும் சோல் உதிர்ந்துபோச்சு. ஏமாத்திட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. பழைய ஏர் மேக்ஸ், ஜோர்டான் பலவற்றின் நடுசோல் பாலியூரித்தேன். காற்றில் உள்ள ஈரம் அந்தப் பொருளின் இணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கட்டைவிரலால் அழுத்தினால் ஓரத்தில் மெல்லிய கோடு விழும், அப்புறம் பழைய ரஸ்க் மாதிரி பொடியும். டர்பன் கடலோரப் புழுக்கத்தில் இது ஜோகன்னஸ்பர்க்கைவிடச் சீக்கிரம் நடக்கும்.

காரின் டிக்கியில், கராஜ் தகரத்துக்குக் கீழே வைக்காதீர்கள். வாங்கினால் போட்டு நடங்கள். மேல்பாகம் நன்றாக இருந்தால் நல்ல தைப்பவரிடம் புது சோல் மாற்றலாம். ஆனால் ஜன்னல் காற்றுப்பை உள்ள சோலைப் பொருத்தமாகத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

இவ்வளவு விலை ஏன்? ஃபாங் காங், அதான் போலி, வாங்கினா என்ன குறைஞ்சு போயிடும்?

விலையில் பாதி பெயருக்கு, இதை மறைக்கவேண்டியதில்லை. மறுவெளியீட்டு ஜோர்டான்களில் புது ஆராய்ச்சி ஒன்றும் பெரிதாக இல்லை, 1988இல் யோசித்து முடித்ததைத் திரும்பச் செய்கிறார்கள். குறைவாக விட்டு ஆசையைக் கூட்டுகிறார்கள். ஹாட்ஃபீல்ட் ஆட்டக்காரனின் தொந்தரவுக்கு மருந்தாக வரைந்தது, இன்று பெட்டியைத் திறக்காமலே கைமாறுகிற சரக்காகிவிட்டது. எனக்கு இதில் வருத்தம்தான்.

போலி விஷயத்தில், நடக்க மட்டும் என்றால் உங்கள் இஷ்டம். ஓடவோ குதிக்கவோ என்றால் வேண்டாம். ஷூவைத் திருப்பி, குதிகால் நேராக நிற்கிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள். மேல்பாகம் கால்வடிவ அச்சுக்கட்டையில் கோணலாக இழுக்கப்பட்டிருந்தால் ஒரு பக்கம் சாயும். ஜன்னல் இருந்தும் உள்ளே அழுத்தமில்லாத வெறும் பிளாஸ்டிக்தான் பலவற்றில். அந்தக் காசுக்கு, பெயர் குறைந்த கம்பெனியின் நேர்மையான ஓட்ட ஷூ கிடைக்கும்.

ஒரே ஆள் இத்தனையும் செய்தார்னு நம்பவா சொல்றீங்க?

நான் சொல்லவே இல்லை. காற்றுப்பை ரூடியுடையது, சின்னம் மூருடையது என்று மேலே பார்த்தோம். ஏர் மேக்ஸில் கூட நின்ற மார்க் பார்க்கர் பின்னால் கம்பெனியின் தலைமைக்கே வந்தார். லேஸ் இறுக்கும் பொறியை வேலை செய்யவைத்தவர் டிஃபனி பீர்ஸ் என்ற பெண் பொறியாளர். வரைந்த கோட்டை அச்சுக்கட்டையில் ஏறும் பேட்டர்னாக மாற்றுகிறவர்கள் பெயர் எங்கும் வராது. அந்த மேசையில் உட்கார்ந்தவன் என்பதால் எனக்கு இது கொஞ்சம் உறுத்தும். அதற்காக அவரைக் குறைத்துச் சொல்லவும் மாட்டேன். யாரிடம் என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்த வடிவமைப்பாளர் அபூர்வம்.

இந்த ஷூவைத் தைக்கற ஆளுங்களுக்கு என்ன கிடைச்சுது? அதையும் சொல்லுங்க.

கேட்கவேண்டிய கேள்வி. ஹாட்ஃபீல்ட் புகழின் உச்சியில் இருந்த 1990களில்தான் ஆசியத் தொழிற்சாலைகளின் குறைந்த கூலி, கட்டாய ஓவர்டைம் பற்றி நைக்கி மேல் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1998இல் ஃபில் நைட்டே மேடையேறி, தன் கம்பெனியின் பெயர் அடிமைக் கூலிக்கு இன்னொரு பெயராகிவிட்டது என்று ஒப்புக்கொண்டு, வயது வரம்பு, காற்றுத் தரம் பற்றி வாக்குறுதிகள் தந்தார். வடிவமைப்பைப் பாராட்டும் கட்டுரைகளில் இந்தப் பக்கம் அனேகமாக இருக்காது.

இன்னொரு பக்கமும் உண்டு. 1994க்குப் பிறகு இறக்குமதி வரி குறைந்ததும் டர்பன் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. கிளிக்கிங்கில் தோல் வெட்டிய ஆண்களும் குளோசிங்கில் தைத்த நம் பெண்களும் வீட்டுக்குப் போனார்கள். இன்று தமிழ்நாட்டில் செய்யாறில், தைவான் குழுமம் ஒன்றின் தொழிற்சாலையில் நைக்கி ஷூ தயாராகிறது, தைப்பவர்களில் பெண்களே அதிகம். நம் கொள்ளுத்தாத்தாக்கள் பலர் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியது அந்த வடஆர்க்காட்டுச் சீமையிலிருந்துதான். அடுத்த முறை நாக்கின் உள்பக்க லேபிளைப் படித்துப் பாருங்கள்.

பையன் ஷூ டிசைனர் ஆகணும்ங்கறான். என்ன படிக்கவைக்கலாம்?

இண்டஸ்ட்ரியல் டிசைன், ஃபேஷன், பொறியியல், ஏன் கட்டடக்கலைகூட ஆகும், மேலே பார்த்தோமே. ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இண்டஸ்ட்ரியல் டிசைன் இருக்கிறது, இங்கே டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஃபேஷன் இருக்கிறது. அமெரிக்காவில் ஜோர்டான் ஷூக்களை வரைந்த ட்வெயின் எட்வர்ட்ஸ் ஷூ வடிவமைப்புக்கென்றே ஒரு பள்ளி ஆரம்பித்தார்.

அதற்கெல்லாம் முன்னால், பக்கவாட்டுப் படம் மட்டும் வரைவதை நிறுத்தச் சொல்லுங்கள். எல்லாப் பையன்களும் அதைத்தான் வரைந்துகொண்டு வருகிறார்கள். அடியிலிருந்து வரையட்டும், குதிகால் பின்னாலிருந்து வரையட்டும். ஓடுகிற பிள்ளைகள் நாலு பேரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டு எழுதட்டும். கிழிந்த டக்கீஸ் ஒன்றை நெடுக்கே வெட்டி உள்ளே என்னென்ன அடுக்கு இருக்கிறதென்று பார்க்கட்டும். சமையல் கத்தி வேண்டாம், வழுக்கும். என்னிடம் பழைய கிளிக்கிங் கத்தி இருக்கிறது, சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் அனுப்புங்கள், கூட இருந்து வெட்டித் தருகிறேன்.